காத்தடிச்சு ஆளை மொட்டமாடிக்கு அனுப்புற லாஞ்சர், எப்படி வேலை செய்யும்?

கேக்க சிரிப்பாத்தான் இருக்கும், ஆனா இது நெசமாவே பேட்டன்ட் ஆபீஸ் வரைக்கும் போன ஐடியா. அமெரிக்க ராணுவத்துக்காக ஆராய்ச்சிக்கு காசு குடுக்குற டார்பான்னு ஒரு அமைப்பு இருக்கு, 1958-ல ஆரம்பிச்சது, இன்னைக்கு நாம போன்ல நோண்டிக்கிட்டு இருக்குற இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்பாநெட்டும் அவங்க காசுல வந்ததுதான். அவங்க பேர்ல 2006 வாக்குல ஒரு விண்ணப்பம் வெளிய தெரிஞ்சுச்சு. விஷயம் என்னன்னா, ஒரு கட்டடத்து பக்கத்துல நாலு மீட்டர் உயரத்துக்கு ஒரு சாய்வு நிறுத்தணும், கிட்டத்தட்ட செங்குத்து, 80 டிகிரி. அதுல ரெண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி கம்பி, நடுவுல ஒரு சேர். ஆள் சேர்ல உக்காருவாரு. கீழ இருக்குற சிலிண்டர்ல அடைச்சு வச்ச காத்தை ஒரே அடியா திறந்து விட்டா சேர் விர்ருன்னு மேல ஏறும், உச்சியில சேர் மட்டும் டக்குனு நின்னுரும், ஆள் நிக்க மாட்டாரு, அப்படியே பறந்து போயி அஞ்சு மாடி கட்டடத்தோட மொட்டமாடியில இறங்குவாரு. மொத்தமும் ரெண்டு செகண்டுக்குள்ள. தீயணைப்பு, போலீஸ், கமாண்டோ மாதிரி ஆளுங்களுக்காம்.

பேட்டன்ட் விண்ணப்பம்னா மிஷினை செஞ்சு ஓட்டிக் காட்டியிருக்கணும்னு கட்டாயம் கிடையாது, எழுத்துலயும் படத்துலயும் விளக்கினா போதும். அதனால "அமெரிக்காகாரன் செஞ்சுட்டான்"னு யாராச்சும் ஃபார்வர்டு அனுப்புனா அப்படியே நம்பிராதீங்க. ஆனா ஐடியா முட்டாள்தனமும் இல்ல. நான் கணக்கு போட்டு பாத்தேன், தூக்கி வீசுற பாதி ரொம்ப சுலபம், நாம நெனைக்கிறதை விட சுலபம். மத்த பாதிதான் ஆளைக் கொல்லும். ரெண்டையும் தனித்தனியா பாப்போம், ஸ்கூல் கணக்கு தெரிஞ்சா போதும்.

முதல்ல காத்து. காத்தை அமுக்கி வச்சா அது வெளிய வரத் துடிக்கும், அந்தத் துடிப்பை ஒரு பிஸ்டன் மேல விட்டா பிஸ்டன் நகரும், அவ்வளவுதான் சமாச்சாரம். டவுன் பஸ்ல கதவு "புஸ்ஸ்"னு சத்தம் போட்டு மூடுதுல்ல, லாரி நிக்கும்போது சீறுதுல்ல, எல்லாம் இதே காத்துதான். இதை கிட்ட இருந்து பாக்கணும்னா ராம்நாட்டுல இருந்து மண்டபம் போற ரோட்டுல ஏதாவது ஒரு பஞ்சர் கடையில பத்து நிமிஷம் நில்லுங்க. லாரி டயருக்கு ஏர் அடிக்கும்போது கடைக்காரரு டயருக்கு நேரா நிக்கவே மாட்டாரு, ஒதுங்கித்தான் நிப்பாரு. ஏன்னா பழைய மாடல் வீல்ல டயரை பிடிச்சு வச்சிருக்குறது ஒரு இரும்பு லாக் ரிங்கு. அது சரியா உக்காரலன்னா காத்து ஏற ஏற ஒரு கட்டத்துல பிச்சுக்கிட்டு பறக்கும், எதிர்ல இருக்குறவன் தலையே போயிரும். அதனாலதான் விவரமான கடையில ரிங்குக்கு குறுக்க கடப்பாரையை சொருகி வச்சுட்டு அடிப்பாங்க, இல்லன்னா டயரை கவுத்துப் போட்டு அடிப்பாங்க. அந்த டயருக்குள்ள இருக்குற அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு கொஞ்சம் மேல, அம்புட்டுதான்.

இந்த 100 பவுண்டை மனசுல வச்சுக்கங்க. இப்ப நம்ம லாஞ்சருக்கு எவ்வளவு வேணும்னு பாப்போம்.

கீழ்த்தளத்தோட சேத்து அஞ்சு தளம், தளத்துக்கு 3 மீட்டர், ஆக மொட்டமாடி தரை 15 மீட்டர்ல இருக்கு. விளிம்புல இடிக்காம இருக்க ஒரு மீட்டர் கூட ஏத்துவோம், 16. புது பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாங்கள்ல, கப்பல் போக நடுவுல ஒரு பகுதி மேல ஏறும்ல, அது ஏறுற உயரம் 17 மீட்டர். பாம்பன் பக்கம் போய் அது தூக்கி நிக்கும்போது அண்ணாந்து பாத்தவங்களுக்கு நான் சொல்ற உயரம் புரியும். அந்த உயரத்துக்கு, ஒரு மீட்டர் கம்மியா, ஒரு மனுசன்.

லாஞ்சர் 4 மீட்டர் வரைக்கும் தள்ளிக்கிட்டு போகும், அங்க கையை விட்டுரும். மிச்சம் 12 மீட்டரும் ஆள் தன் வேகத்துலயே ஏறணும். அதுக்கு கிளம்புற வேகம் செகண்டுக்கு 15 மீட்டர் சொச்சம், அதாவது மணிக்கு 55 கிலோமீட்டர், நம்ம ஊரு பஸ்ஸு போற வேகந்தான். உச்சிக்கு போய்ச் சேர ஒன்றரை செகண்டு, அதுக்கு முன்னாடி சாய்வுல ஏற அரை செகண்டு. கூட்டிப் பாத்தா ரெண்டு செகண்டு சுத்தி வருது. விண்ணப்பத்துல சொன்ன கணக்கு காத்துல விட்ட கதை இல்லன்னு இதுலயே தெரியுது.

அடுத்து, உக்காந்திருக்குறவனுக்கு எப்படி இருக்கும். இதுக்கு ஒரு குறுக்குவழி இருக்கு. கையை விட்ட பிறகு ஏறுற உயரத்தை, தள்ளுற தூரத்தால வகுங்க. 12-ஐ 4-ஆல வகுத்தா 3. அதோட சொந்த எடைக்கு ஒண்ணு கூட்டுங்க, 4. ஆக அந்த அரை செகண்டு மட்டும் 80 கிலோ ஆளு தன்னை 320 கிலோவா உணருவாரு. இதை 4 ஜின்னு சொல்வாங்க. பெரிய ரோலர் கோஸ்டர்ல வர்ற அளவுதான், முதுகு நேரா இருந்து தலை சேரோட சாய்ப்புல ஒட்டியிருந்தா ஒண்ணும் ஆகாது. ஆனா "4 மீட்டர் எதுக்கு, ஜீப்புல வைக்கிற மாதிரி ஒரு மீட்டர்ல செய்வோமே"ன்னு சுருக்குனீங்கன்னா கணக்கு மாறிடும், 15-ஐ 1-ஆல வகுத்து ஒண்ணு கூட்டுனா 16. போர் விமானத்துல இருந்து பைலட்டை வெளிய தூக்கி எறியிற சீட்டுல வர்ற அளவு அது, அதுல உசுரு பொழைச்சு முதுகெலும்பு நசுங்குன பைலட்டுங்க உண்டு. சாய்வு நீளமா இருக்குறது அலங்காரத்துக்கு இல்ல, முதுகுக்காக.

சரி, காத்து எவ்வளவு. ஆள் 80, சேர் 20, மொத்தம் 100 கிலோ, அதோட நாலு மடங்குன்னா 400 கிலோ தள்ளு வேணும். பிஸ்டன் குறுக்களவு 10 சென்டிமீட்டர்னு வைங்க, பரப்பு 78 சதுர சென்டிமீட்டர் சொச்சம். 400-ஐ இதால வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. பஞ்சர் கடை பாஷையில சொன்னா 70 பவுண்டு சொச்சம்.

ஆமா, லாரி டயர்ல இருக்குற காத்தை விட கம்மி. உராய்வு, சேர் தடுமாற்றம் எல்லாத்துக்கும் கூட்டிப் போட்டாலும் 100-ஐ தாண்டாது. காத்தோட அளவும் பெருசா இல்ல, பிஸ்டன் 4 மீட்டர் ஓடுனா உள்ள போறது 31 லிட்டர் காத்து, பஞ்சர் கடையில இருக்குற 2 எச்பி கம்ப்ரசர் அந்தக் காத்தை ஒரு நிமிஷம், மிஞ்சிப்போனா ரெண்டு நிமிஷத்துல அடைச்சுக் குடுத்துரும். ஆனா அந்த ஒரு நிமிஷ வேலையை அரை செகண்டுல வெளிய விடணும்னா அந்த அரை செகண்டுக்கு 40 எச்பிக்கு மேல வேணும். கம்ப்ரசர் நேரா அதைக் குடுக்காது. மெதுவா சேத்து வச்சு ஒரேயடியா செலவழிக்கிறது, காத்தழுத்த சாமான் எல்லாத்துக்கும் இதுதான் சூட்சுமம். அதனால ரெண்டு விஷயம் பெருசா வேணும், டேங்கும் வால்வும்.

டேங்கு சின்னதா இருந்தா என்ன ஆகும்னா, பிஸ்டன் ஓட ஓட காத்துக்கு இடம் கூடிக்கிட்டே போகும், அழுத்தம் விழுந்துக்கிட்டே வரும். 30 லிட்டர் டேங்குல வச்சு விட்டா கடைசியில அழுத்தம் பாதிக்கும் கீழ போயிரும், அதை ஈடுகட்ட ஆரம்பத்துலயே ஓங்கி அடிக்கணும், அந்த அடி முதுகுல விழும். 300 லிட்டர் டேங்குன்னா அழுத்தம் கொஞ்சந்தான் குறையும், தள்ளு ஒரே சீரா இருக்கும். வால்வு கையால திருகுற குழாய் மாதிரி இருந்தா ஆகாது, திருகி முடிக்கிறதுக்குள்ள அரை செகண்டு போயிரும், கண்ணிமைக்கிற நேரத்துல முழு வாயும் திறக்கணும். வெடிமருந்து வேணாம்னு காத்தை எடுத்ததுக்கும் காரணம் இதுதான், மருந்து அழுத்தம் ஒரேடியா எகிறும், காத்துல மீட்டரைப் பாத்து வேணுங்குற அளவுக்கு வச்சுக்கலாம், நெருப்பும் கிடையாது.

இதை வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தப்ப தங்கச்சி மவன் கேட்டான், "மாமா, 70 பவுண்டு தானே, தண்ணி பைப்புலயே செஞ்சிரலாமே?" டேய் மாப்ள, செய்யாத. பிவிசி பைப்பு தண்ணிக்கு செஞ்சது, தண்ணி அமுங்காது, விரிசல் விட்டா ஒழுகும், அதோட சரி. காத்து அமுங்கி உக்காந்திருக்கும், விரிசல் விட்டா பைப்பு சில்லு சில்லா தெறிக்கும், நம்ம வெயில்ல ரெண்டு வருசம் கிடந்த பைப்புன்னா கேக்கவே வேணாம். இதைப் படிக்கிற மத்த மாப்பிள்ளைங்களுக்கும் சேத்துதான்.

இதுவரைக்கும் சுலபமான பாதி. இனிமேத்தான் வில்லங்கம்.

வேகம் அஞ்சு சதவீதம் குறையுதுன்னு வைங்க. உயரம் வேகத்தோட வர்க்கத்துல போகும், அதனால அஞ்சு சதவீதம் வேகம் போனா பத்து சதவீதம் உயரம் போகும். 12 மீட்டர் 10.8 ஆயிரும், ஆளோட உச்சி மொட்டமாடி தரைக்கு ஒரு சாண் கீழ. ஒரு சாண்தான், ஆனா அந்த ஒரு சாண்ல அவரு மாடியில இறங்கல, சுவத்துல அடிச்சு 15 மீட்டர் கீழ வர்றாரு. அஞ்சு சதவீதம் கூடுனா? மாடிக்கு மேல ரெண்டு மீட்டருக்கு மேல போயி அங்கிருந்து விழுவாரு, அது பரவால்ல, கால் தாங்கும். அதனால கொஞ்சம் கூட்டியே வைக்கலாம்னு தோணும், ஆனா எடை மாறுனா அதுவும் கவுத்துரும். 80 கிலோ ஆளுக்கு வச்ச அதே காத்துல 60 கிலோ ஆளை ஏத்தி விட்டா அவரு 20 மீட்டர் வரைக்கும் போவாரு, அதாவது மாடிக்கு மேல அஞ்சு மீட்டர், அங்கிருந்து கான்கிரீட்ல விழுந்தா கால் இடுப்பு எதுவும் மிஞ்சாது. அதே காத்துல 100 கிலோ ஆளு 13 மீட்டர் சொச்சத்தோட நின்னுருவாரு, அஞ்சாவது தளத்து ஜன்னலுக்கு நேரா. துப்பாக்கி, ஹெல்மெட், கயிறுன்னு ஒருத்தர் 20 கிலோ கூட மாட்டிக்கிட்டா அவரும் இதே கணக்குதான். அதனால ஒவ்வொரு ஆளையும் சாமானோட எடை போட்டு அதுக்கேத்த காத்தை வைக்கணும். கோணத்தையும் வேகத்தையும் கம்ப்யூட்டரே கணக்கு போட்டுரும்னு விண்ணப்பத்துல சொல்லியிருக்காங்க. கம்ப்யூட்டர் போடும், சந்தேகமில்ல, ஆனா கம்ப்யூட்டர் சொன்ன மாதிரி வால்வு திறக்கணும்ல.

நம்ம கடக்கரையில கம்ப்ரசர் வச்சிருக்குறவங்களுக்கு தெரியும், டேங்கு அடியில இருக்குற குழாயை சாயங்காலம் திறந்தா துருத்தண்ணி பழுப்பா வரும். காத்துல இருக்குற ஈரம் அமுங்கும்போது தண்ணியா இறங்குது, அதோட உப்புக்காத்தும் சேந்தா உள்ள துரு பிடிக்கும், அந்தத் துரு வால்வுல போயி உக்காரும். டயர் கடையில அதுனால ஒண்ணும் கெட்டுப்போவாது, ரெண்டு நிமிஷம் கூட அடிச்சா முடிஞ்சுது. இங்க ஒரு வால்வு லேசா இழுத்துப் பிடிச்சா அந்த அஞ்சு சதவீதம் போச்சு.

அப்புறம் காத்து, இது வெளிய அடிக்கிற காத்து. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல பாம்பன்ல நின்னவனுக்கு விளக்க வேணாம். பழைய ரயில் பாலம் ஓடிக்கிட்டு இருந்த காலத்துல காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டுனா ரயிலையே விட்டதில்ல. அந்தக் காத்து குறுக்கால அடிச்சா, பறக்குற ரெண்டு செகண்டுக்குள்ள ஆளை ரெண்டு ரெண்டரை மீட்டர் பக்கவாட்டுல தள்ளிரும். அதுல பாதி வேகம்னாலும் அரை மீட்டருக்கு மேல போகும். கட்டடத்து பக்கத்துல காத்து சுவத்துல மோதி சுழலும், தரையில ஒரு மாதிரி, மூணாவது மாடியில வேற மாதிரி, விளிம்புல மேல் நோக்கி கெளம்பும். தரையில மீட்டர் வச்சு அளந்தா அதெல்லாம் தெரியாது.

சுத்துறது இன்னொரு பிரச்சனை. சேர் டக்குனு நிக்கும்போது பையோட வாரோ பெல்ட்டோ ஒரு இடத்துல மாட்டி லேசா இழுத்தாலும் உடம்பு சுழல ஆரம்பிச்சிரும். வானத்துல பிடிச்சுக்க ஒண்ணும் கிடையாது. செகண்டுக்கு கால் சுத்துன்னாலே ரெண்டு செகண்டுல அரைச்சுத்து, காலு கீழ இருந்து கெளம்புனவரு தலைகீழா வந்து சேருவாரு.

எல்லாம் சரியா நடந்துச்சு, மாடிக்கு மேல வந்துட்டாருன்னே வைங்க. 80 டிகிரியில கெளம்புனதால முன்னாடி போற வேகம் செகண்டுக்கு 2.7 மீட்டர், அதோட ஒரு மீட்டர் மேல இருந்து விழுற வேகம். ஓடிவந்து இடுப்பளவு சுவத்துல இருந்து குதிக்கிற மாதிரிதான், பயிற்சி எடுத்தவனுக்கு பெரிய விஷயம் இல்ல. ஆனா எந்த மாடியில? நம்ம ஊரு மொட்டமாடியை நெனைச்சுப் பாருங்க. சின்டெக்ஸ் டேங்கு, டிஷ், துணி காயப்போடுற கொடிக்கயிறு, மேல இன்னொரு தளம் என்னைக்காவது எடுப்போம்னு நாலு மூலையிலயும் துருப்பிடிச்சு நீட்டிக்கிட்டு நிக்கிற தூண் கம்பி. அந்தக் கம்பி ஒண்ணே போதும். ராத்திரி இருட்டுல, மாடியில என்ன இருக்குன்னு கீழ இருந்து பாக்கவும் முடியாது. டிரோனை விட்டு பாத்துக்கலாம்தான், ஆனா டிரோன் சத்தம் கேட்டதும் மேல இருக்குறவன் முழிச்சுக்குவான், அப்புறம் ரெண்டு செகண்டுல போயி என்ன பிரயோசனம்.

சர்க்கஸ்ல மனுசனை பீரங்கியில போட்டு வீசுறாங்களே, அது எப்படி நடக்குதுன்னு கேப்பீங்க. 1877-ல லண்டன்ல ஸாஸெல்னு மேடைப் பேரு வச்ச ஒரு சின்னப் பொண்ணு அதை செஞ்சு பேரு வாங்குச்சு, உள்ள இருந்தது ஸ்பிரிங்கு. 1920-கள்ல ஸக்கீனின்னு ஒரு இத்தாலி சர்க்கஸ் குடும்பம் அதைக் காத்தழுத்தத்துக்கு மாத்துனாங்க. பீரங்கியில இருந்து வர்ற புகையும் வெடிச் சத்தமும் சும்மா வேடிக்கைக்கு, தள்ளுறது காத்து. இப்ப சாதனை 59 மீட்டர் தூரத்துக்கும் மேல போயிருச்சு. ஆனா அவங்க கிட்ட இருக்குற வசதியைப் பாருங்க. ஆள் ஒருத்தரே, எடை தெரியும், பீரங்கி அதே பீரங்கி, முன்கூட்டியே பொம்மையை வீசிப் பாத்துக்கலாம், காத்து பலமா அடிச்சா ஆட்டத்தை நிறுத்திரலாம், முக்கியமா எதிர்ல வலை இருக்கு, நிலத்துக்கு ஒரு ஆள் உயரத்துக்கு மேல இழுத்துக் கட்டின வலை. அவங்க முதுகால வலையில விழுறதுக்கு வருசக்கணக்குல பழகுறாங்க. மொட்டமாடியில வலை கட்டி வச்சுட்டு காத்திருக்குறவங்க யாரு, அவங்க ஏற்கனவே மேல போயிட்டா நாம எதுக்கு பறக்கணும்.

அதனால என் அபிப்பிராயம், காத்தை வச்சு ஆளை வீசாதீங்க, கயிறை வீசுங்க. இது புதுசு இல்ல. கப்பல்ல வேலை பாக்குற நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு கீழக்கரையிலயும் தொண்டியிலயும் இருக்காங்க, அவங்களைக் கேட்டா சொல்வாங்க, கப்பல்ல கயிறு வீசுற சாமான் ஒண்ணு கட்டாயம் இருக்கணும், உலகம் முழுக்க உள்ள கடல் பாதுகாப்பு விதி அது, அமைதியான காத்துல குறைஞ்சது 230 மீட்டர் தூரம் நூல்கயிறு போகணும். இதுல சில மாடல் காத்தழுத்தத்துலயே வேலை செய்யும். கொக்கி கட்டி கட்டடத்து மேல வீசுற மாடலும் உண்டு. வீசுறது ஒரு கிலோவோ ரெண்டு கிலோவோ, தப்பிப் போனா இழுத்துட்டு மறுபடி வீசலாம், கொக்கிக்கு முதுகெலும்பு கிடையாது. கொக்கி நல்லா பிடிச்சிருக்கான்னு கீழ இருந்தே தொங்கிப் பாத்துக்கலாம்.

அதுக்கப்புறம் ஏறுறது. கயிறைப் பிடிச்சு ஏறுற சின்ன மோட்டார் மிஷின் இருக்கு, இடுப்புல மாட்டிக்கலாம். சாமானோட 100 கிலோ ஆளை செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துல ஏத்த கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் வேணும், நட்டத்தையும் சேத்தா 2 எச்பிக்குள்ள முடிஞ்சுரும். 15 மீட்டருக்கு 15 செகண்டு. 60 கிலோ ஆளா, 100 கிலோ ஆளா, மோட்டாருக்கு கவலை இல்ல, கொஞ்சம் மெதுவா ஏறும், அவ்வளவுதான். கச்சான் அடிச்சா ஆடுவாரு, ஆனா கயிறுலதான் இருப்பாரு. நடுவுல சரியில்லன்னு தோணுனா கீழ இறங்கிரலாம்.

இதுலயும் குறை இருக்கு. அந்த 15 செகண்டு மேல இருக்குறவன் முழிச்சிருந்தா கயிறை அறுத்துரலாம், துப்பாக்கி வச்சிருந்தா இன்னும் மோசம். ரெண்டு செகண்டுன்னு அவங்க யோசிச்சதுக்கு காரணமே அதுதான், அதை குத்தம் சொல்ல முடியாது. தீப்பிடிச்ச கட்டடத்துல கயிறை அறுக்க யாரும் நிக்கப் போறதில்ல, அங்க ஸ்கை லிஃப்ட் வண்டி நுழையாத சந்துன்னா கயிறும் மோட்டாரும் போதும். எதிரி நிக்கிற மாடிக்குன்னா, உச்சிப்புளி கடற்படைத் தளத்துல இருந்து பறக்குதுல்ல, அந்த மாதிரி ஹெலிகாப்டர்ல மேல இருந்து கயிறு விட்டு சறுக்கி இறங்குறதைத்தான் எல்லா ராணுவமும் செய்யுது. சத்தம் ஊருக்கே கேக்கும், இருந்தாலும் இறங்குறவன் கையில ஒரு கயிறு இருக்கு.